பரணில் கிடக்கும் டேப் ரெக்கார்டர்... பழைய பொருளில் ‘ஹை-பை’ செட்! வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க!

ஆர்.கே.பேட்டை:

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் ஆர்.கே.பேட்டை. தறிச் சத்தத்தோடுதான் இங்கே பொழுது விடியும். அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பகுதி மக்கள்.

முதலில் வால்வு ரேடியோ. அதில் சிலோன் ரேடியோ. அப்புறம் ரெக்கார்டு பிளேயர். 1980-களில் வெளிநாட்டில் இருந்து வந்த ‘டூ-இன்-ஒன்’. கடைசியாக சி.டி. பிளேயர். எல்லாம் ஒவ்வொன்றாக பரணுக்குப் போய்விட்டன. இப்போது எல்லோர் கையிலும் செல்போன்.

ஆனால் 50 வயதைத் தாண்டிய பலருக்கு அந்தப் பழைய சத்தத்தின் மேல் ஆசை விடவில்லை. டி.எம்.சவுந்தரராஜனின் முருகன் பாட்டை இசைத்தட்டில் கேட்கணும், கண்டசாலாவை ஸ்பீக்கரில் கேட்கணும் என்று நினைக்கிறார்கள். புதுசாக நல்ல மியூசிக் சிஸ்டம் வாங்கப் போனால் விலை எட்டாது. அதனால் செகண்ட் ஹேண்ட் பக்கம் கண் போகிறது.

பழைய பொருளிலேயே அருமையான செட் அமைக்கலாம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தெரியாமல் வாங்கினால் ஒரு வாரக் கூலி ஒரே நாளில் புகைந்து போகும். அதைவிடப் பெரிய நஷ்டமும் உண்டு. கெட்டுப்போன டேப்பில் போட்டால், வீட்டில் இருக்கும் ஒரே ஒரு பழைய கேசட்டையும் அது தின்றுவிடும்.

கேசட்டில் இருப்பது பாட்டு மட்டுமா?

சினிமா பாட்டு போனால் போகட்டும், செல்போனில் கிடைக்கும். ஆனால் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் எங்கே கிடைக்கும்? கல்யாண வீட்டு நாதஸ்வரம், பாட்டி பாடிய தாலாட்டு, ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்து... இதெல்லாம் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான்.

கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகம் செய்தது. உள்ளே ஓடுவது 4 மில்லி மீட்டர் அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் பூசிய காந்தத் தூளில்தான் குரல் இருக்கிறது. அது வினாடிக்கு 5 சென்டி மீட்டருக்கும் குறைவான வேகத்தில், ஒரே சீராக ஓட வேண்டும். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் அப்பா குரல் ஆளே மாறிக் கேட்கும்.

எனவே பழைய செட் அமைப்பவர்கள் ஒரு விதியை மனசில் வைக்க வேண்டும். முதலில் நல்ல மெக்கானிக்கைப் பிடி. செட்டை அப்புறம் தேடு. திருத்தணி, சோளிங்கர், அரக்கோணம் என்று எங்கே பழைய ரேடியோ மெக்கானிக் இருந்தாலும் சரி. ஊரில் ‘மைக் செட்’ வைத்திருப்பவர்களிடம் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். ஸ்பீக்கருக்கு காயில் மாற்றுவது, கோன் ஒட்டுவது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

மூர் மார்க்கெட் முதல் ரிச்சி தெரு வரை

பழைய எலக்ட்ரானிக்ஸ் பொருள் என்றால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அன்றும் இன்றும் சென்னைதான். திருத்தணி வந்து மின்சார ரெயில் ஏறினால் சென்ட்ரல் பக்கத்தில் ‘மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்’ நிலையத்தில் போய் இறங்கலாம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

புறநகர் ரெயில்கள் வந்து நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் இருந்ததுதான் மூர் மார்க்கெட். சிவப்பு நிறக் கட்டிடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, ரேடியோ என்று கிடைக்காத பழம்பொருள் கிடையாது. 1985-ம் ஆண்டு மே 30-ந்தேதி பற்றிய தீயில் அது சாம்பலானது. வியாபாரிகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. டிரான்சிஸ்டர், கண்டன்சர், டிரான்ஸ்பார்மர், டேப்புக்கு பெல்ட் என்று தேடுபவர்கள் போவது அங்கேதான். இதுபோக ஊருக்குள்ளேயே பழைய இரும்புக் கடைக்கு வரும் செட்டுகளும் உண்டு. வீடு காலி செய்பவர்கள் கிலோ கணக்கில் போடும் பொருளில் சில நேரம் மாணிக்கம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. யார் என்றே தெரியாதவர் ரோட்டில் நிறுத்தி அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குவது குற்றம். விற்பவரின் பெயர், விலாசத்தை எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக் கொள்வது நல்லது.

ஹை-பை என்றால் என்ன?

‘ஹை பிடெலிட்டி’ என்பதன் சுருக்கம்தான் ஹை-பை. பாடியவர் பாடியது எப்படியோ, வாசித்தவர் வாசித்தது எப்படியோ, அதற்கு முடிந்தவரை உண்மையாகத் திருப்பித் தருவது என்று அர்த்தம். பூமி அதிர சத்தம் வைப்பது ஹை-பை இல்லை. குறைந்த சத்தத்தில் வைத்தாலும் வயலின் தனியாக, தபேலா தனியாக, குரல் நடுவில் தெளிவாகக் கேட்டால் அதுதான் ஹை-பை.

இரண்டு ஸ்பீக்கரில் வெவ்வேறு சத்தம் வருவது ‘ஸ்டீரியோ’. இளையராஜா இசையில் 1978-ல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள்தான் தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் சினிமா பாடல்கள் என்று சொல்வார்கள். அந்தப் பாட்டை செல்போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்பதற்கும், இரண்டு பெட்டி வைத்துக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை கேட்டால் போதும். எதற்கு இத்தனை பாடு என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

செட் என்பது மூன்றே பொருள். பாட்டைக் கொடுப்பது ஒன்று: ரெக்கார்டு பிளேயர், டேப், சி.டி. பிளேயர், செல்போன் எதுவானாலும் சரி. அதைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிபயர் இரண்டாவது. ஸ்பீக்கர் மூன்றாவது. மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. முதலில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் வாங்கி, செல்போனையே சிவப்பு-வெள்ளை பின் வயரில் இணைத்துக் கேட்கலாம். கையில் காசு சேரும்போது மற்றதை வாங்கிக் கொள்ளலாம்.

முதல் பணம் ஸ்பீக்கருக்கு!

கையில் இருக்கும் பணத்தில் பெரிய பங்கு ஸ்பீக்கருக்குப் போகட்டும். ஆம்ப்ளிபயர் சுமாராக இருந்தாலும் நல்ல ஸ்பீக்கர் காப்பாற்றும். ஸ்பீக்கர் மோசமாக இருந்தால் எந்த ஆம்ப்ளிபயராலும் காப்பாற்ற முடியாது.

முன்பக்க வலையைக் கழற்றிப் பாருங்கள். கோனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ஃபோமால் ஆனது என்றால் 15, 20 வருடத்தில் மக்கி, விரல் பட்டாலே பொடியாக உதிரும். ரப்பர் அல்லது துணி வளையம் நீண்ட நாள் வரும். ஃபோம் போயிருந்தால் ஸ்பீக்கரே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வளையத்தை மட்டும் மாற்றலாம். ஆனால் அந்தச் செலவை விலையில் குறைத்துப் பேச வேண்டும்.

அடுத்து கை சோதனை. கோனின் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். ‘கரகர’ என்று உரசினால் காயில் வளைந்துவிட்டது.

மூன்றாவது பேட்டரி சோதனை. ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை பெரிய ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று கோன் அசைந்தால் உயிர் இருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6, 7 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. உயர்ந்த சத்தம் தரும் சின்ன ‘ட்விட்டரை’ தனியாகக் காது வைத்துக் கேளுங்கள். பழைய பெட்டிகளில் முதலில் போவது அதுதான்.

பெட்டியையும் விடாதீர்கள். பிளைவுட் பெட்டி நிற்கும். மரத்தூள் பலகைப் பெட்டி தண்ணீர் பட்டால் ஊறிவிடும். அடிப்பக்கம் கரையான் அரித்த மண் தடம் இருந்தால் வாங்கவே வேண்டாம். அது உங்கள் வீட்டு ஜன்னல், கதவுக்கும் பரவும்.

‘ஆயிரம் வாட்ஸ்’ ஏமாற்று

“சார், ஆயிரம் வாட்ஸ் சார்... கம்பெனி செட் சார்!” என்பார்கள் கடையில். பெட்டியின் மேலும் பெரிய ஸ்டிக்கர் இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். அந்தக் கணக்குக்கு எந்த வரைமுறையும் கிடையாது. கம்பெனி தன் இஷ்டத்துக்கு எழுதிக் கொள்ளலாம்.

பார்க்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்.’ வாட்ஸ். தொடர்ந்து தரக்கூடிய உண்மையான சக்தி அதுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு பக்கத்துக்கு 15 முதல் 25 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தாராளம்.

இன்னொரு கணக்கும் தெரிந்து கொள்ளுங்கள். வாட்ஸ் இரண்டு மடங்கு ஆனால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது லேசான வித்தியாசம். சத்தம் இரட்டிப்பாகக் கேட்க வேண்டும் என்றால் சக்தி கிட்டத்தட்ட 10 மடங்கு வேண்டும். எனவே 20 வாட்ஸ் நல்ல செட்டை விட்டுவிட்டு 40 வாட்ஸ் மட்டமான செட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

ஆம்ப்ளிபயர்: எடுத்ததும் கரண்டில் போடாதே!

பரணில் பல வருடம் கிடந்த ஆம்ப்ளிபயரை எடுத்த எடுப்பில் பிளக்கில் சொருகக் கூடாது. உள்ளே இருக்கும் கண்டன்சர் காய்ந்து போயிருக்கலாம். எலி வயரைக் கடித்திருக்கலாம்.

இதற்குத்தான் மெக்கானிக் கடையில் ‘சீரிஸ் போர்டு’ இருக்கிறது. கரண்ட் ஒரு குண்டு பல்பு வழியாக செட்டுக்குப் போகும். சுவிட்ச் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து லேசாக மங்கினால் பிழைத்தோம். முழு வெளிச்சத்தில் எரிந்து கொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு இருப்பதால் செட் தப்பித்தது. நேரடியாகச் சொருகி இருந்தால் டிரான்ஸ்பார்மர் போயிருக்கும்.

அடுத்து, ஸ்பீக்கரை மாட்டும் முன் ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து டி.சி. வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். சில வோல்ட் காட்டினால் அந்த ஆம்ப்ளிபயர் உங்கள் ஸ்பீக்கர் காயிலை எரித்துவிடும். ரெண்டு நிமிட வேலை, ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் காப்பாற்றும்.

பாட்டு போடாமல் சத்தத்தை ஏற்றும்போது ‘உம்ம்ம்’ என்று இரைந்தால் பில்டர் கண்டன்சர் வீக் அல்லது எர்த் சரியில்லை. வால்யூம் திருகும்போது ‘கரகர’ என்றால் பயப்பட வேண்டாம். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். குறைந்தது அரை மணி நேரம் கடையிலேயே ஓடவிட்டு சூடு, தீய்ந்த வாசனை இருக்கிறதா பாருங்கள்.

உள்ளூரில் ‘அசெம்பிள்’ செய்த செட்டும் கேவலம் இல்லை. 2என்3055 டிரான்சிஸ்டரிலும், எஸ்.டி.கே. ஐ.சி.யிலும் தமிழ்நாடு முழுக்க எத்தனையோ ஆம்ப்ளிபயர்கள் கட்டப்பட்டன. ரிப்பேர் செய்வது சுலபம். ஆனால் இந்த இரண்டிலும் டூப்ளிகேட் உதிரிபாகம் நிறைய. டிரான்ஸ்பார்மரில் தாமிரக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றுபவர்களும் உண்டு. தெரிந்த மெக்கானிக்கை வைத்தே வாங்குங்கள்.

பிலிப்ஸ், சோனோடைன் போன்ற பழைய செட்டுகளில் பின்பக்கம் இப்போதைய பின் சேராது. ஐந்து ஓட்டை வட்ட சாக்கெட் இருக்கும். அதற்கு மாற்று வயர் கிடைக்கும். செட்டையே வெட்டி ஒட்ட வேண்டாம்.

வெளிநாட்டு செட்டா... வோல்ட் பார்த்தீங்களா?

ஜப்பான், அமெரிக்கா செட் என்றால் ஆசை கூடும். இங்கேதான் பலருக்கு கை சுடும். நம் ஊர் கரண்ட் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. அந்த நாட்டுக்காகச் செய்த செட்டை இங்கே நேராகச் சொருகினால் ஒரே ‘டப்’. கதை முடிந்தது.

செட்டின் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று எழுதி இருக்கும். சிலவற்றில் மாற்றும் குமிழ் இருக்கும். இல்லாவிட்டால் வோல்ட்டைக் குறைக்கும் தனி டிரான்ஸ்பார்மர் வேண்டும். அந்த விலையையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

வோல்ட் சரி செய்தாலும் இரண்டு சிக்கல் மிச்சம் உண்டு. அமெரிக்கா கரண்ட் வினாடிக்கு 60 சுற்று, நம்முடையது 50. பழைய ரெக்கார்டு பிளேயர் சிலவற்றின் மோட்டார் இந்தச் சுற்றை வைத்துத்தான் ஓடும். இங்கே அது ஆறில் ஒரு பங்கு மெதுவாகி, பாட்டு தூங்கி வழியும். இரண்டாவது, பழைய ஜப்பான் ரேடியோவில் எப்.எம். 76 முதல் 90 வரைதான் இருக்கும். சென்னை வானொலியின் ரெயின்போ 101.4. முள்ளை எவ்வளவு திருப்பினாலும் அது வராது.

இசைத்தட்டு: முள்ளில்தான் உயிர்

இசைத்தட்டில் மூன்று வேகம் உண்டு. அரக்கில் செய்த பழைய கனமான தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று. 1948-ல் அமெரிக்காவில் வந்த எல்.பி. 33 சுற்று. சின்னத் தட்டு பெரும்பாலும் 45. வீட்டில் என்ன தட்டு இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற பிளேயர் வாங்க வேண்டும்.

78 தட்டின் கோடு அகலமானது. எல்.பி. கோடு அதில் மூன்றில் ஒரு பங்குதான். எனவே இரண்டுக்கும் ஒரே முள் ஆகாது. பழைய பிளேயர்களில் முள்ளைத் திருப்பிப் போடும் வசதி இருக்கும்.

தேய்ந்த முள் மண்வெட்டி மாதிரி. தட்டின் கோட்டை உழுதுவிடும். போன சத்தம் திரும்பி வராது. வைர முள் 500 முதல் 1,000 மணி நேரம் வரை உழைக்கும். விற்பவர் “இப்பத்தான் மாத்தினேண்ணே” என்று சொன்னாலும், முதல் வேலையாகப் புது முள் போட்டுவிட்டு அப்புறம் அப்பாவின் தட்டைத் தொடுங்கள். அந்த மாடலுக்கு முள் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பிளேயரை வாங்குவது அதைவிட புத்திசாலித்தனம்.

சூட்கேஸ் மாதிரி மூடும் பழைய பிளேயர்களில் பெரும்பாலும் ‘செராமிக்’ வகை தலை இருக்கும். அதை நேராக ஆம்ப்ளிபயரில் கொடுக்கலாம். நல்ல பிளேயர்களில் ‘மேக்னடிக்’ வகை. அதன் சத்தம் மிக மிகக் குறைவு. ஆம்ப்ளிபயரில் ‘போனோ’ என்று எழுதிய ஓட்டை இருந்தால்தான் சரியாகக் கேட்கும். இல்லாவிட்டால் நடுவில் தனியாக ஒரு சின்ன போர்டு போட வேண்டும். இது தெரியாமல் ‘பிளேயர் ரிப்பேர்’ என்று திருப்பிக் கொடுத்தவர்கள் பலர்.

டேப்: முதலில் குப்பை கேசட்டைப் போடு

பழைய டேப்பில் முதலில் கெடுவது ரப்பர் பெல்ட். தளர்ந்து போகும். சில நேரம் உருகி தார் மாதிரி ஒட்டிக் கொள்ளும். பெல்ட் மாற்றுவது பெரிய செலவு இல்லை. நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை வழவழப்பாகிவிட்டால் அதுதான் கேசட்டைத் தின்னும்.

எனவே கடையில் சோதிக்கும்போது போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டை எடுத்துப் போங்கள். இரண்டு பக்கமும் ஓட்டி, முன்னும் பின்னும் சுற்றிப் பாருங்கள். நாடா கசங்காமல் வந்தால் சரி. ஹெட்டை பஞ்சில் ‘ஐசோபுரோபைல்’ ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைத்தாலே பாதி மந்தம் போய்விடும். கத்தி, உப்புத்தாள் கிட்டேயே போகக் கூடாது.

வீட்டுக் குரல் இருக்கும் கேசட்டுக்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். முதலாவது, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் யாராவது தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. இரண்டாவது, நாடாவில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் போடாமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். மூன்றாவது, நல்ல டேப் கிடைத்த முதல் நாளே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். டேப்பின் ‘லைன் அவுட்’ ஓட்டையில் இருந்து வயர் மூலம் பதிவு செய்ய வேண்டும். ஸ்பீக்கர் முன்னால் செல்போனை வைத்துப் பதிவு செய்தால் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து வரும். பதிவு செய்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஷாக்... இதுதான் முக்கியம்!

பழைய வால்வு ரேடியோவைத் திறந்து பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து. உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் தங்கி நிற்கும். சில பழைய ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. உள்ளே இருக்கும் இரும்புத் தகடே கரண்ட்டோடு நேராகத் தொடர்பில் இருக்கும். குமிழ் கழன்று போன ரேடியோவின் வெறும் கம்பியைத் திருகுவது கரண்ட்டைத் தொடுவதற்குச் சமம்.

வெடித்துப்போன பழைய ரப்பர் வயரை மாற்றாமல் எந்த செட்டையும் போடாதீர்கள். இரும்புப் பெட்டி ஆம்ப்ளிபயருக்கு மூன்று பின் பிளக், எர்த் கட்டாயம். பியூஸ் போனால் கம்பி சுற்றிப் போடாதீர்கள். ஈரத் தரையில் வெறும் காலோடு நின்று தொடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

தறி வீட்டில் எங்கே வைப்பது?

தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசிதான் செட்டுக்கு முதல் எதிரி. ஆம்ப்ளிபயரின் மேல் ஓட்டைகள் அடைத்தால் சூடு வெளியேறாது. டேப் ஹெட்டில் படிந்தால் சத்தம் மந்தமாகும். தறி இல்லாத அறையில் வைப்பது நல்லது. கேட்காதபோது மெல்லிய துணியால் மூடுங்கள். கேட்கும்போது துணியை எடுத்துவிட வேண்டும், மறக்கக் கூடாது. தறி மோட்டார் போகும் அதே லைனில் செட்டைப் போட்டால் மோட்டார் போடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘டப்’ கேட்கும். லைனை எலக்ட்ரீஷியனை வைத்துப் பிரித்துக் கொள்ளுங்கள்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 6 அடி விட்டால், கேட்பவரும் இரண்டில் இருந்தும் அதே 6 அடி தூரத்தில் உட்கார வேண்டும். சின்ன ஸ்பீக்கர் காது உயரத்துக்கு இருக்கட்டும். சுவர் மூலையில் தள்ளினால் ‘பாஸ்’ அதிகமாகி குரல் மங்கும்.

சிவப்பு முனை சிவப்புக்கு, கறுப்பு முனை கறுப்புக்கு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் பாஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது. ‘செட் சரியில்லை’ என்று மெக்கானிக்கைத் தேடி ஓடும் முன் இதைச் சரி பாருங்கள். காசு மிச்சம்.

இன்னொன்று. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று ஒலி மாசு தடுப்பு விதிகள் 2000-ல் வந்தன. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. பக்கத்து வீட்டில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்குபவரும் நம்ம ஆள்தானே!

கடைக்குப் போகும்போது...

• கொண்டு போக வேண்டியவை: ஒரு பென்சில் பேட்டரி, மீட்டர், பாட்டு ஏற்றிய செல்போன், அதை இணைக்க பின் வயர், ஒரு குப்பை கேசட். முடிந்தால் மெக்கானிக்கும்.

• ஸ்பீக்கர்: வளையம், காயில், ட்விட்டர், கரையான். நாலையும் பாருங்கள்.

• ஆம்ப்ளிபயர்: ஆர்.எம்.எஸ். வாட்ஸ், 230 வோல்ட், அரை மணி நேர ஓட்டம்.

• ஓம் பொருத்தம்: ஆம்ப்ளிபயர் பின்னால் 8 ஓம் என்று போட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்ட வேண்டாம். சூடாகி எரியும்.

• பிளேயர்: முள் கிடைக்குமா, எத்தனை வேகம், செராமிக்கா மேக்னடிக்கா?

• டேப்: பெல்ட், ரப்பர் உருளை, ஹெட்.

• விலை: ரிப்பேர் செலவையும் சேர்த்தே பேசுங்கள். ‘ஓடாது, ஆனால் சின்ன வேலைதான்’ என்றால், அந்தச் சின்ன வேலையை முடித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கினால் பழைய செட் இன்னும் பல வருடம் பாடும். ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நாள் ஆகலாம், காசு சேர்ந்த பிறகு வாங்கலாம், அவசரம் இல்லை. ஆனால் பரணில் கிடக்கும் குரல் கேசட்டுகளுக்கு அந்த அவகாசம் இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் பூஞ்சை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக் கொண்டுதான் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை செட் வாங்க சென்னைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஏணி போட்டு ஏறி, அந்தக் கேசட்டுகளை மட்டும் முதலில் கீழே இறக்குங்கள்.